மாப்பிள்ளை அமைதியான கதை

என் தங்கையின் கணவர் சோகத்துக்கு மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், இரண்டு மணி வாக்கில். அவர் வேலை பார்க்கும் குழாய்க் கடையில், விற்பனைக்கு வைத்திருந்த வாஷ்பேசின் ஒன்றில் கையை ஊன்றிக்கொண்டு அதை எனக்கு அறிவித்தார். அதற்கு முன் பத்தொன்பது வருஷம் அவர் தொண்டை கிழியக் கத்தினார், நான் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தேன். சோகம் என்ற சரக்கு அவரிடம் இருந்ததாக அதுவரை யாருக்கும் தெரியாது. இருந்திருந்தால் முதல் ஆளாக எனக்குத்தான் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே பெஞ்சு. வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வோம். பதினைந்து வருஷத்துக்கு முன் அவர் என் தங்கையைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து 'வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை' என்று நான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. அவருக்கு அப்படி எந்த உத்தரவும் கிடையாது. 'மச்சான், நீ' என்றே வைத்துக்கொண்டார். எட்டாம் வகுப்பில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதிய ஆளுக்கு நாள் தவறாமல் மரியாதை கொடுப்பது எத்தனை கஷ்டம் என்பது கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இங்கேயும் 'அவர்' என்றே எழுதுகிறேன். பழக்கதோஷம்.

குழாய்க் கடையில் அவர் கெட்டிக்காரர். சும்மா சொல்லக்கூடாது. அட்டைப் பெட்டியிலிருந்து குழாயை எடுத்து, காதோரம் பிடித்து, நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டுவார். எழும்பும் சத்தத்தை வைத்தே முழுப் பித்தளையா, மேல்பூச்சா என்று சொல்லிவிடுவார். வாங்க வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். கூடவே ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், குழாயைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்பது போல. அந்தப் பந்தாவுக்காகவே முதலாளி அவரை வாசலுக்கு நேரே நிறுத்தியிருந்தார்.

மேடையில் அவருக்கு 'இடி' என்று பெயர். அவராக வைத்துக்கொண்டது. நான் லிஃப்ட் மெக்கானிக். கிடார் வாசிக்கிறவர் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். நாங்கள் மூன்று பேர்தான் குழு. சனி ஞாயிறுகளில், யார் கூப்பிட்டாலும் போய், அவர்கள் போதும் என்று சொல்லும்வரை வாசிப்போம். அநேகமாக சீக்கிரமே சொல்லிவிடுவார்கள்.

பாடும்போது அவர் நடு மேடையில் நின்று நான் பார்த்ததில்லை. என் பக்கம் ஒதுங்கி, பெரிய பித்தளைத் தட்டான சிம்பலுக்கு இரண்டடி தள்ளி நிற்பார். தட்டு பளபளவென்று தலைக்குப் பின்னால் தெரிந்தால் போட்டோ நன்றாக வருமாம். யாரோ ஒரு போட்டோக்காரர் எப்போதோ சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் அதே இடத்தில் நின்றார். 'தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை, அடிக்கக் கஷ்டமா இருக்கு' என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே. இறங்கி வந்ததும் அவர் சொல்கிற முதல் வார்த்தை மட்டும் மாறியதே இல்லை.

"இழுக்கற மச்சான். மூணாவது அடி எப்பவும் லேட்டு."

நான் இழுப்பதில்லை. அவர்தான் அவசரப்படுவார். இதை வாத்தியாரிடம் கேட்டால் அவர் கிடாரை உறையில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார்.

கடைசி இரண்டு வருஷமாக அவர் நடவடிக்கையில் ஒரு பெரிய மனுஷத்தனம் வந்து சேர்ந்தது. கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டார். பேசிக்கொண்டே இருக்கும்போது உங்கள் வாயையே உற்றுப் பார்ப்பார், நீங்கள் ஏதோ ஆழமாகச் சொல்லிவிட்டது போல. கடையில் குழாயைச் சுண்டுவதையும் விட்டுவிட்டார். கையில் வாங்கி, எடை பார்த்து, "நல்ல குழாய்" என்பதோடு சரி. முதலாளிகூட என்னிடம், "உங்க மாப்பிள்ளை ரொம்பப் பக்குவமாயிட்டாரு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கைக்குப் பக்குவம் பிடிக்கவில்லை. "நான் பேசறதைக் காதுலயே வாங்கறதில்ல அண்ணா," என்று இரண்டு முறை என் வீட்டுக்கு வந்து அழுதாள். "நாலு தடவை கூப்பிட்டாத்தான் திரும்பறாரு. திரும்பினா சிரிக்கறாரு. அந்தச் சிரிப்பைப் பாத்தா இன்னும் ஆத்திரமா வருது." கலைஞன் என்றால் அப்படித்தான் இருப்பான் என்று நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அவர் கடைக்குப் போனது வேறு எதற்கோ. போன இடத்தில்தான் அறிவிப்பு.

"இனிமே கத்தறதா இல்ல மச்சான். அடுத்த ஆல்பம் அமைதியா இருக்கும். கிடார், குரல், அவ்வளவுதான்."

"அப்ப டிரம்ஸ்?"

"வேண்டாம்."

"ஒரு பாட்டுலகூடவா?"

வாஷ்பேசினை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மனசு மாறிடுச்சு. உள்ள ஒரு கனம். சொன்னா உனக்குப் புரியாது."

பத்தொன்பது வருஷம். வேலை முடிந்து கிரீஸ் கையோடு ஒத்திகைக்கு ஓடியிருக்கிறேன். டிரம்ஸை வைக்க இடம் வேண்டும் என்று சமையலறைக்குப் பக்கத்து அறையைக் காலி பண்ணிக் கொடுத்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரியாதாம். அன்றைக்கு முடிவு பண்ணினேன்: இந்த ஆள் ஒருநாள் நாலு பேர் முன்னால் தலை குனிய வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆல்பத்துக்கு 'ஈரத் துணி' என்று பெயர் வைத்தார். பிழிந்தால் தண்ணீர் வரும் என்று வாத்தியாரிடம் சொன்னேன். வாத்தியார் சிரிக்கவில்லை. பாட்டுகளைக் கேட்டுவிட்டேன், நன்றாக இருக்கின்றன என்றார். அவரும் கட்சி மாறிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு மாதம் கழித்துத் தங்கையிடமிருந்து போன். நேரில் பேசத் தைரியமில்லாமல் மாப்பிள்ளை அவளைப் பேசச் சொல்லியிருக்கிறார். விஷயம் இதுதான். பாட்டுப் பதியும்போது பாடுகிறவர் தாளம் தவறாமல் இருக்க, ஹெட்ஃபோனில் அவருக்கு மட்டும் கேட்கும்படி ஒரு தாளத்தை ஓடவிடுவார்கள். வழக்கமாக அது கம்ப்யூட்டர் போடுகிற 'டிக் டிக்'. பாட்டு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். அந்த 'டிக் டிக்' வேண்டாமாம், அதற்குப் பதிலாக நான் டிரம்ஸ் அடித்துத் தர வேண்டுமாம். பத்துப் பாட்டுக்கும் அடிக்க வேண்டும், பிறகு பத்தையும் அழித்துவிடுவார்கள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். தங்கைக்காகப் போனேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், என்னை விட்டால் அவரால் ஒரு வரி பாட முடியாது என்பதைக் கிட்ட இருந்து பார்க்கத்தான் போனேன்.

ரெக்கார்டிங் அறை ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். நடத்துகிற அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் நிலைய அறிவிப்புகள், பாடப் புத்தக ஒலிப்பதிவுகள் எல்லாம் அவர் கைவேலை. கண்டிப்பான ஆள். ஞாயிறு காலையில், கீழே கண்ணாடி அறுக்காத நேரம் பார்த்து வரச் சொல்லியிருந்தார்.

முதல் ஞாயிறு நான் அடித்துக் கொடுத்தேன். அடி என்று சொல்வதே அதிகம். சின்ன டிரம்மின் விளிம்பில் குச்சியால் ஒரு தட்டு, காலால் ஒரு மிதி. 'மெதுவா, மெதுவா' என்று அவர் அறை நடுவே தடுத்திருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை அமுக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த ஞாயிறு அவர் பாட வந்தார்.

"கம்ப்யூட்டர் கிளிக்கே இருக்கே, இன்னும் துல்லியமா இருக்குமே," என்றார் அந்த அம்மா.

"மெஷினுக்கெல்லாம் நான் பாடறதில்ல," என்றார் மாப்பிள்ளை. குழாய் விற்கிறவர் பேசுகிற பேச்சா இது.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினார்கள். இன்னும் என்றார். இன்னும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் அவர் மைக் வழியாக என் குச்சிச் சத்தம் எறும்பு ஊர்கிற மாதிரி வர ஆரம்பித்தது.

"ஹெட்ஃபோன்ல இருந்து வெளிய கசியுது," என்றார் அந்த அம்மா. "மைக்குல விழுது பாருங்க. கொஞ்சம் குறைச்சுக்குங்க."

"என் காது, என் பாட்டு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மேலே தொங்கிய விளக்கைப் பார்த்தேன். "ஃபைலை எங்கிட்டயே விட்டுட்டுப் போங்க, அப்புறமா சுத்தம் பண்ணித் தர்றேன்," என்றார். மாப்பிள்ளை விடவில்லை. இது ரொம்ப அந்தரங்கமான ஆல்பமாம், வேறு யார் கையும் படக்கூடாதாம். எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கிடாரையும் குரலையும் தானே சேர்த்து மிக்ஸ் பண்ணினார். அவருக்கு அந்த வேலை அரைகுறையாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்லும் துணிச்சல் வீட்டில் யாருக்கும் இல்லை.

முடித்ததை எனக்கு அனுப்பிவைத்தார். எனக்குத் தெரிந்து இந்த ஊரிலேயே சத்தமில்லாத இடம், நிறுத்திக் கதவு மூடிய லிஃப்டுக்குள்தான். ஒரு சர்வீஸ் வேலையின் நடுவில் உள்ளே உட்கார்ந்து கேட்டேன். கிடார் வருகிறது, குரல் வருகிறது, நடுவே அவர் மூச்சு விடுகிற இடமெல்லாம் டிக், டிக், டிக். என் குச்சி. பத்துப் பாட்டிலும். டிரம்ஸே கிடையாது என்று ஊரெல்லாம் தண்டோரா போட்ட ஆல்பத்தில் டிரம்ஸ்காரன் குந்தியிருக்கிறான்.

ஒரு போன் போட்டால் போதும். அந்த அம்மா அரை நாளில் துடைத்துக் கொடுத்திருப்பார். நான் போடவில்லை. 'பிரமாதம் மாப்பிள்ளை' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, லிஃப்ட் கதவுக்கு எண்ணெய் போட்டேன். வெளியிடட்டும், நாலு பேர் கேட்கட்டும், இது என்னய்யா டிக் டிக் என்று யாராவது எழுந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

வெளியீடு ஒரு சின்ன அரங்கில், சாயங்காலம் நடந்தது. நாற்பது நாற்காலி, முப்பது பேர். விளக்கைக் குறைத்து நாலு பாட்டு போட்டார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். நான் மட்டும் திறந்து வைத்திருந்தேன். முடிந்ததும், பத்திரிகையில் இசை பற்றி எழுதுகிற ஒரு பெண்மணி எழுந்தார். வந்துவிட்டது நேரம்.

"பின்னாடி ரொம்ப தூரத்துல யாரோ தட்டிக்கிட்டே இருக்காங்க," என்றார். "கதவு திறக்கல. கடைசி வரைக்கும் திறக்கல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதை எப்படி யோசிச்சீங்க?"

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண்மணியின் வாயைப் பார்த்தார், சபையைப் பார்த்தார், ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சில சத்தங்களை நாம தேடிப் போறதில்ல. அதுங்களாவே வரும்," என்றார்.

கைதட்டினார்கள். முப்பது பேரும். வாத்தியார் வேறு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஹெட்ஃபோனில் இருந்து ஒழுகியதற்குத் தத்துவம் சொல்கிறார், அதற்கும் தட்டுகிறார்கள். ஜனங்கள் மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றோடு தீர்ந்தது. அடுத்த வாரம் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துவிட்டு இன்னும் பத்துப் பேர் எழுதினார்கள். எல்லோருக்கும் அந்தத் தட்டலைப் பற்றியே பேச்சு. ஒருவர் அதை இறந்துபோன தன் அப்பா என்றே எழுதியிருந்தார்.

அதற்கப்புறம் ஒரு வியாழக்கிழமை அவர் என்னைத் தேடி வந்தார். ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டை ஐந்தாம் மாடியில் நிறுத்தி, உள்ளே பட்டன் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து மாடியும் படியேறி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. உள்ளே வந்து லிஃப்டின் தரையிலேயே உட்கார்ந்தார். கடைச் சட்டையில் சிமென்ட் தூசி.

"மச்சான், ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லுவியா?"

"சொல்லுங்க."

"எல்லாரும் சொல்றாங்களே, தட்டற சத்தம். என்னது அது?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் மாதக்கணக்கில் நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னேன். "என் குச்சி மாப்பிள்ளை. உங்க ஹெட்ஃபோன்ல இருந்து கசிஞ்சு மைக்குல விழுந்திருக்கு. அந்த அம்மா அப்பவே சொன்னாங்க. பத்து பாட்டுலயும் இருக்கு. வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு மிக்ஸ் பண்ணீங்களே, கவனிக்கலயா?"

"கேக்கல."

"அதைத்தான் கேக்கறேன், ஏன் கவனிக்கல?"

"கேக்கல மச்சான். இப்பவும் கேக்கல. நேத்து பூரா போட்டுப் போட்டுக் கேட்டேன். அந்த இடத்துல எனக்கு ஒண்ணுமே இல்ல."

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை. ஆழமும் இல்லை, பக்குவமும் இல்லை. குழாயைச் சுண்டுவதை ஏன் விட்டார், கம்ப்யூட்டர் கிளிக்கை ஏன் வேண்டாம் என்றார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எப்ப இருந்து?"

"ரெண்டு வருஷம். இடது பக்கம் சுத்தமா போயிடுச்சு. வலது பக்கம் மெல்லிசு சத்தமெல்லாம் விழறதில்ல. கனமா இருந்தா கேக்கும், உன் கால் மிதி கேக்கும். சத்தத்தை விடு, இல்லன்னா இருக்கறதும் போயிடும்னு டாக்டர் சொன்னாரு. பாடும்போது இடது பக்கம் என்ன இருக்கும்னு கேட்டாரு."

அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இடது பக்கம் இரண்டடி தள்ளி என் சிம்பல் இருந்தது. பத்தொன்பது வருஷம் அந்தக் காதை அடித்தது நான்தான்.

"ஏன்டா சொல்லல?"

பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் வாயில் வந்த 'டா'. அம்மா இருந்திருந்தால் அறைந்திருப்பாள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"சொல்லியிருந்தா நீ குச்சியைத் தொட்டிருக்க மாட்ட. கனம், புரியாதுன்னு சொன்னா என்மேல கோவப்படுவ. கோவப்பட்டா பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

"தங்கச்சிக்கு?"

"தெரியாது. கூப்பிட்டா திரும்பறதில்லன்னு அவளும் கோவமாத்தான் இருக்கா."

இதுதான் அவருடைய அறிவு. ஊரெல்லாம் தன்மேல் கோபப்பட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைக்கிற அறிவு. காதைக் காப்பாற்ற அமைதியான ஆல்பம் போடுகிறவர், அதே காதில் ஹெட்ஃபோனை அலற விடுகிறார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். முட்டாள், அரைவேக்காடு, போட்டோவுக்காகக் காதைக் கொடுத்தவன், என் தங்கையை இரண்டு வருஷம் அழவிட்டவன். பாதி அவருக்குக் கேட்டிருக்காது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவளிடம் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் வலது காதருகே போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

அவர் முடித்து அனுப்பியதைக் கேட்டுவிட்டு, டிக் டிக் இருப்பது தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

போவதற்கு எழுந்தவர் நின்றார். வலது உள்ளங்கையை லிஃப்டின் எவர்சில்வர் சுவரில் பதித்தார்.

"நாலாவது பாட்டுல எப்படி வருது? தட்டிக் காட்டு."

திருப்புளியின் பிடியால் சுவரில் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அடித்தது போலவே, மெதுவாக. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பாட்டின் நீளத்துக்குத் தட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் உதடு மட்டும் அசைந்தது, பாடிக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தார். "இழுக்கற மச்சான். மூணாவது அடி."

"இல்லையே."

"இழுக்கற. கையில தெரியுது."

பலகையை மாட்டி, லிஃப்டை ஓடவிட்டு, அவரைக் கீழே கொண்டுபோய் விட்டேன். பிறகு மறுபடி மேலே வந்து நிறுத்தி, கதவை மூடிக்கொண்டு நாலாவது பாட்டைப் போட்டேன். ஒரு காதில் பாட்டு, இன்னொரு காதில் தாளம் பிசகாமல் டிக் டிக் போடும் செல்போன் மெட்ரோனோம். சண்டை போடுவதற்கு ஆதாரம் தேடித்தான் உட்கார்ந்தேன். பத்துப் பாட்டையும் கேட்டேன்.

மூன்றாவது அடி பின்தங்குகிறது. பத்திலும். எல்லோரும் துக்கம், கனம் என்று உருகி உருகி எழுதிய அந்தத் தயக்கம் அங்கேதான் இருக்கிறது. என் பின்னால் காத்திருந்து அவர் குரலும் தாமதமாக வருகிறது. அவர் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவந்தது சரி. அதை நான் அவரிடம் சொல்லியாக வேண்டும். இனிமேல் அதை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. வலது பக்கம் போய் நின்று, நாலு பேர் காதில் விழும்படி கத்தித்தான் சொல்ல வேண்டும்.